ஹைட்ரஜன் யார் பக்கம்?

இந்த மாதப் பாடத்துக்குள் போவதற்கு முன்னால் நான் ஒரு கடனைத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் நடக்கும் நம் டியூஷன் வகுப்பில் நான்தான் வேதியியல் எடுக்கிறேன். படிவம் 4, படிவம் 5 இரண்டும் சேர்த்து 15 பேர். பள்ளியில் மலாயில் 'இக்காத்தான் இயோன்', 'இக்காத்தான் கோவாலென்' என்று படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு, அதையே தமிழில் அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு என்று சொல்லிப் புரியவைப்பது என் வேலை. சில மாதங்களுக்கு முன்னால் ஒரு சின்ன டெஸ்ட் வைத்தேன். 10 சேர்மங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உருகுநிலையோ கொதிநிலையோ இருக்கும். எது அயனி, எது சகப்பிணைப்பு என்று எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்பதாவது கேள்வியில் ஸ்டானேன் என்ற பொருளைப் போட்டிருந்தேன். ஒரு வெள்ளீய அணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது. (கிந்தா பள்ளத்தாக்கில் நம் தாத்தாக்கள் காலத்தில் தோண்டி எடுத்தார்களே, பேச்சில் சும்மா ஈயம் என்போமே, அதுதான் வேதியியலில் வெள்ளீயம்.) பழைய புத்தகம் ஒன்றில் கண்ணில் பட்டதை அப்படியே எடுத்துப் போட்டேன். என் கையில் இருந்த விடைத்தாளில் 'அயனி' என்று எழுதியிருந்தேன். ஏன்? உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனி. அதுதானே ரூல்!

படிவம் 4 மாணவி ஒருத்தி 'சகப்பிணைப்பு' என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டேன். அவள் தாளை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அண்ணா, இது மைனஸ் 52 டிகிரியிலயே கொதிக்குதுன்னு நீங்களே போட்டிருக்கீங்க. ரூம்ல வச்சா வாயு. உப்பு மாதிரி அயனியா இருந்தா எப்படி அண்ணா வாயுவா இருக்கும்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரூல் அதான் மா. எக்ஸாம்ல இப்படி யோசிச்சிக்கிட்டு இருந்தா மார்க் போயிடும்." பின்னால் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அவள் ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் அவள் அம்மா போன் செய்தார். "தம்பி, கெமிஸ்ட்ரி எனக்கு வராது, அக்கவுண்ட்ஸுக்கு மாறிக்கிறேன்னு சொல்றா. என்னப்பா ஆச்சு?"

அன்று இரவு புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். ஸ்டானேன் சகப்பிணைப்புச் சேர்மம்தான். கேள்வித்தாளிலேயே சாட்சி இருந்தது, அதை அவள் பார்த்தாள், நான் பார்க்கவில்லை. அவளிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, மதிப்பெண்ணும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் அந்த ரூலை நான் 3 வருஷமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் பலர் இப்போது எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் என்று போய்விட்டார்கள். அவர்கள் கையிலும் இந்த இதழ் கிடைக்கும் என்பதால்தான் எழுதுகிறேன்.

சரி, பாடத்துக்கு வருவோம்.

ஹைட்ரஜன் ஒரு விசித்திரமான ஆள். அதனிடம் இருப்பது ஒரே ஒரு எலக்ட்ரான். அதைக் கொடுத்துவிட்டால் சோடியம் மாதிரி நேர்மின் அயனி ஆகலாம். இன்னொன்றை வாங்கிக்கொண்டால் குளோரின் மாதிரி எதிர்மின் அயனி ஆகலாம். இரண்டுமே வேண்டாம் என்றால் பக்கத்து அணுவோடு பகிர்ந்துகொள்ளலாம். தனிம அட்டவணையில் லித்தியத்துக்கு மேலே அதை உட்கார வைத்திருக்கிறோம். சில அட்டவணைகளில் ஃபுளோரினுக்கு மேலேயும் வரைந்திருப்பார்கள், இன்னும் சிலவற்றில் எந்த வரிசையிலும் சேர்க்காமல் தனியாக நிறுத்தியிருப்பார்கள். மூன்றிலும் நியாயம் இருக்கிறது.

உலோகத்தோடு சேரும்போது ஹைட்ரஜன் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளுமா, பகிர்ந்துகொள்ளுமா? இதற்கு மனப்பாட ரூல் உதவாது. வரவு செலவுக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். (அக்கவுண்ட்ஸ் படிக்கிற தம்பிகளும் கவனிக்கலாம்.)

முதலில் குளோரின். குளோரின் மூலக்கூறை உடைத்து ஒரு மோல் அணுக்களைப் பெற 121 கிலோஜூல் செலவு. அந்த அணுக்கள் எலக்ட்ரானை ஏற்றுக்கொள்ளும்போது 349 கிலோஜூல் வரவு. ஆக 228 கிலோஜூல் லாபம். கொண்டாட்டம்தான்.

இப்போது ஹைட்ரஜன். மூலக்கூறை உடைத்து ஒரு மோல் அணுக்களைப் பெற 218 கிலோஜூல் செலவு. எலக்ட்ரானை ஏற்றுக்கொண்டால் கிடைப்பது வெறும் 73 கிலோஜூல். ஆக 145 கிலோஜூல் நஷ்டம்! தானாக எதிர்மின் அயனி ஆவதற்கு ஹைட்ரஜனுக்கு ஆசையே கிடையாது. யாராவது மலிவாக எலக்ட்ரானைக் கொடுத்தால்தான் அது சம்மதிக்கும்.

சோடியம் அப்படிக் கொடுக்கிற ஆள். ஒரு மோல் திடச் சோடியத்தை ஆவியாக்கி, ஒவ்வொரு அணுவிலிருந்தும் ஓர் எலக்ட்ரானைக் கழற்ற மொத்தம் சுமார் 604 கிலோஜூல். இதோடு ஹைட்ரஜனின் 145ஐச் சேர்த்தால் 749. இவ்வளவும் செலவு. அப்புறம் நேர்மின், எதிர்மின் அயனிகள் ஒன்றையொன்று இழுத்துப் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது சுமார் 805 கிலோஜூல் திரும்ப வருகிறது. அதுதான் படிகக் கூடு ஆற்றல். கழித்துப் பாருங்கள்: கையில் நிற்பது 56 கிலோஜூல்தான். இதே கணக்கைச் சமையல் உப்புக்குப் போட்டால் 411 கிலோஜூல் நிற்கும்.

இந்த 56க்கும் 411க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். சமையல் உப்பை 801 டிகிரிக்குச் சூடாக்கினால் அமைதியாக உருகும். சோடியம் ஹைட்ரைடோ 400 டிகிரியைத் தாண்டியதும், உருகுவதற்கு முன்பே சிதைந்து ஹைட்ரஜனை வெளியே விட்டுவிடும். லாபம் குறைவான கூட்டு சீக்கிரம் பிரிகிறது.

இப்போது வெள்ளீயத்துக்கு வாருங்கள். ஸ்டானேன் அயனிச் சேர்மமாக இருக்க வேண்டும் என்றால் வெள்ளீயம் 4 எலக்ட்ரானையும் கழற்றிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு மோலுக்குச் சுமார் 9000 கிலோஜூல் வேண்டும். வாங்கப்போவது யார்? வாங்கினாலே நஷ்டப்படுகிற ஹைட்ரஜன். இந்த வியாபாரம் நடக்குமா? நடக்காது. அதனால் இரண்டும் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்கின்றன. மீத்தேன் மாதிரியே நான்முக வடிவத்தில் தனித்தனி மூலக்கூறுகள். மூலக்கூறுகளுக்கு இடையே பலவீனமான ஈர்ப்புதான் இருக்கிறது, அதனால்தான் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அறை வெப்பத்தில் அது ஒரு நச்சு வாயு, அதிக நாள் நிலைக்கவும் செய்யாது, மெல்லச் சிதைந்து வெள்ளீயமாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்துவிடும்.

அந்தத் தங்கச்சி கேட்டது இதைத்தான், இத்தனை எண்கள் இல்லாமலே.

'சோடியம் ஹைட்ரைடு அயனிதான்னு மட்டும் எப்படி நம்புறது, அதுவும் உங்க ரூல்தானே' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தண்ணீரை மின்னாற்பகுத்தால் ஹைட்ரஜன் எந்த மின்வாயில் வரும்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 'எதிர்மின்வாய்' என்பீர்கள். ஹைட்ரஜனுக்கு அதுதான் இடம் என்று மனசில் பதிந்திருக்கிறது. 1916இல் லூயிஸ் (எலக்ட்ரான்களைப் புள்ளி வைத்து வரைகிறோமே, அந்த லூயிஸ்தான்) உப்பு போன்ற ஹைட்ரைடுகளில் ஹைட்ரஜன் எதிர்மின் அயனியாக இருக்கலாம் என்று சொன்னார். அது சரி என்றால் ஒரு வேடிக்கை நடக்க வேண்டும்: ஹைட்ரஜன் வழக்கத்துக்கு மாறாக நேர்மின்வாயில் வர வேண்டும். 1920இல் மோர்ஸ் என்ற ஆய்வாளர் லித்தியம் ஹைட்ரைடை உருக்கி மின்சாரம் செலுத்தினார். ஹைட்ரஜன் நேர்மின்வாயில்தான் வந்தது. சும்மா கொஞ்சம் வரவில்லை, செலுத்திய மின்சாரத்துக்கு எவ்வளவு வர வேண்டுமோ அந்த அளவு வந்தது.

இது எவ்வளவு அழகான சோதனை என்று பாருங்கள். ஒரே தனிமம், தண்ணீரில் ஒரு பக்கம் போகிறது, லித்தியம் ஹைட்ரைடில் எதிர்ப்பக்கம் போகிறது. யாரோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் மின்சுமையே மாறிவிடுகிறது. படிக அமைப்பும் இதற்கு ஒத்துப்போகிறது. லித்தியம் ஹைட்ரைடு, சோடியம் ஹைட்ரைடு இரண்டிலும் அயனிகள் அடுக்கியிருக்கும் விதம் சமையல் உப்பில் இருப்பதேதான்.

தண்ணீர் பட்டால் இன்னொரு சாட்சி கிடைக்கும். அயனி ஹைட்ரைடில் எதிர்மின் ஹைட்ரஜன், தண்ணீரில் நேர்மின் பக்கம் சாய்ந்த ஹைட்ரஜன். இரண்டும் சந்தித்தால் சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவாகப் பொங்கி வரும். பாதி ஹைட்ரைடிலிருந்து, பாதி தண்ணீரிலிருந்து. கால்சியம் ஹைட்ரைடு 1 கிலோ இருந்தால் சுமார் 1000 லிட்டர் ஹைட்ரஜன் கிடைக்கும். வானிலை பலூன்களை நிரப்ப அதைப் பயன்படுத்தியதற்குக் காரணம் இதுதான். பரிசோதனைக் கூடத்தில் கரைப்பான்களில் மிச்சம் மீதி ஈரத்தை உறிஞ்சவும் அதையே போடுவோம். முதல் தடவை அதைப் போட்டபோது 'ஸ்ஸ்' என்று குமிழி கிளம்பியதும் நான் இரண்டடி பின்னால் நகர்ந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. சோடியம் ஹைட்ரைடு இன்னும் மோசம். வெளிவருகிற ஹைட்ரஜன் அந்தச் சூட்டிலேயே தீப்பிடித்துவிடும். அதனால்தான் அதைப் பெரும்பாலும் கனிம எண்ணெயில் கலந்து விற்கிறார்கள். யூடியூபில் பார்த்துவிட்டு எங்காவது வாங்கிச் செய்து பார்க்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆக ஒரு முனையில் சோடியம், இன்னொரு முனையில் வெள்ளீயம். நடுவில் இருப்பவர்கள்தான் தொல்லை பிடித்தவர்கள்.

பெரிலியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2ஆம் தொகுதி உலோகம், கால்சியத்தின் குடும்பம். கால்சியம் ஹைட்ரைடு அயனி. அப்போ பெரிலியம் ஹைட்ரைடும் அயனிதானே? இல்லை. பெரிலியம் அயனி மிகவும் சின்னது, அதில் இரண்டு நேர்மின்சுமை. எதிர்மின் ஹைட்ரஜனோ ஒரே புரோட்டானை வைத்துக்கொண்டு இரண்டு எலக்ட்ரானைக் கட்டி மேய்க்கிறது, பிடி தளர்வு. பக்கத்தில் ஒரு சின்ன, வலுவான நேர்மின் அயனி வந்தால் அந்த எலக்ட்ரான் மேகம் அதன் பக்கம் இழுபட்டுப் போகும். இழுபட்டால் அது பகிர்வுதானே? 1923இல் ஃபாஜான்ஸ் சொன்ன கருத்து இது. எஸ்.டி.பி.எம். போகிறவர்கள் இதை விட்டுவிடாதீர்கள்.

பெரிலியம் ஹைட்ரைடு ஸ்டானேன் மாதிரி தனி மூலக்கூறாகவும் நிற்காது. ஒவ்வொரு ஹைட்ரஜனும் இரண்டு பெரிலியத்துக்கு நடுவில் பாலம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். ஒரு ஜோடி எலக்ட்ரான், அதை மூன்று அணுக்கள் பகிர்ந்துகொள்கின்றன. பள்ளியில் நாம் வரைகிற 'ஒரு கோடு என்றால் இரண்டு அணுவுக்கு நடுவில் ஒரு ஜோடி' படத்தில் இது அடங்கவே அடங்காது. அலுமினியம் ஹைட்ரைடும் இதே பாலக் கதைதான். ஒவ்வொரு அலுமினியத்தையும் சுற்றி ஆறு ஹைட்ரஜன். இரண்டுமே திடப்பொருள்கள், ஆனால் சகப்பிணைப்பு வகை. எனவே 'திடப்பொருளா இருந்தா அயனி' என்று புதிதாக ஒரு ரூலை உருவாக்கிக்கொள்ளாதீர்கள்.

மெக்னீசியம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் ஹைட்ரைடைச் சில புத்தகங்கள் அயனியில் சேர்க்கும், சில புத்தகங்கள் இடைப்பட்டது என்று எழுதும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நேர்மையானது. எடையில் 7.6 விழுக்காடு ஹைட்ரஜன் என்பதால், ஹைட்ரஜனை எரிபொருளாகச் சேமித்து வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதன் மேல் ஒரு கண். சுமார் 300 டிகிரிக்குச் சூடாக்கினால்தான் அது ஹைட்ரஜனை விடும், அங்கேதான் சிக்கல்.

எண்களில் ஆர்வம் உள்ளவர்கள் எலக்ட்ரான் கவர் தன்மையைப் பார்ப்பார்கள். பாலிங் அளவுகோலில் ஹைட்ரஜன் 2.20. சோடியம் 0.93, கால்சியம் 1.00, மெக்னீசியம் 1.31, பெரிலியம் 1.57, அலுமினியம் 1.61, வெள்ளீயம் 1.96. ஹைட்ரஜனுக்கும் உலோகத்துக்கும் இடைவெளி குறையக் குறைய அயனித் தன்மை குறைந்துகொண்டே போவது தெரிகிறதல்லவா? சுவிட்ச் போட்டது போல ஓர் இடத்தில் அயனி நின்று சகப்பிணைப்பு தொடங்குவதில்லை. சரிவுப் பாதை மாதிரி மெல்ல இறங்குகிறது.

ஆனால் 'வித்தியாசம் 1.7க்கு மேல் என்றால் அயனி' என்று சில கையேடுகளில் இருக்கிறதே, அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். சோடியம் ஹைட்ரைடில் வித்தியாசம் 1.27தான், ஆனாலும் அயனி. ஹைட்ரஜன் ஃபுளோரைடில் வித்தியாசம் 1.78, ஆனாலும் அது 20 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிற சகப்பிணைப்புச் சேர்மம். எண் ஒரு துப்புதான். படிக அமைப்பு, உருகிய நிலையில் மின்கடத்தல், கொதிநிலை, தண்ணீரோடு எப்படி நடந்துகொள்கிறது, இவையெல்லாம்தான் சாட்சிகள்.

இந்த இரண்டு முகாமிலும் சேராத ஹைட்ரைடுகளும் உண்டு. பல்லேடியம் உலோகம் தன் கன அளவைப்போல் சுமார் 900 மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும். 1860களில் தாமஸ் கிரகாம் கண்டுபிடித்தது. அங்கே ஹைட்ரஜன் அணுக்கள் உலோக அணுக்களின் இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ரிமோட்டில் போடுகிற ரீசார்ஜ் பேட்டரியில் 'நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு' என்று எழுதியிருந்தால் அதுவும் இந்தக் கூட்டம்தான். இதைப் பற்றித் தனியாக ஒரு பாடமே எழுதலாம், இப்போது வேண்டாம்.

தேர்வு விஷயத்துக்கு வருகிறேன், இல்லையென்றால் திட்டுவீர்கள். எஸ்.பி.எம். அளவில் சோடியம் குளோரைடு, மெக்னீசியம் ஆக்சைடு போன்றவற்றுக்கு 'உலோகம், அலோகம், அயனி' என்ற வழக்கமான பதிலே போதும். ஆனால் கேள்வியில் உருகுநிலையோ கொதிநிலையோ மின்கடத்தலோ கொடுத்திருந்தால், முதலில் அந்தத் தகவலைப் பாருங்கள், ரூலை அப்புறம் பாருங்கள்.

படிவம் 5இல் ரெடாக்ஸ் பாடத்தில் 'ஹைட்ரஜனின் ஆக்சிஜனேற்ற எண் +1, உலோக ஹைட்ரைடில் மட்டும் -1' என்று ஒரு வரி வரும். எல்லாரும் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அதோடு ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டானேனிலும் ஹைட்ரஜனுக்கு -1தான் போடுவோம், ஏனென்றால் 2.20, 1.96ஐ விடக் கொஞ்சம் பெரியது. ஆனால் அங்கே எதிர்மின் அயனி எதுவும் இல்லை. ஆக்சிஜனேற்ற எண் என்பது நாம் கணக்குக்காகப் பெயர் எழுதி வைப்பது. பகிர்ந்துகொண்ட எலக்ட்ரானை அதிகமாக இழுப்பவர் பேரில் எழுதிவிடுகிறோம், அவ்வளவுதான். -1 என்று பார்த்ததும் அயனி என்று முடிவு கட்டினால் நான் விழுந்த அதே குழியில் விழுவீர்கள்.

கல்லூரிக்குப் போனதும் சோடியம் போரோஹைட்ரைடு என்று ஒரு பொருளைச் சந்திப்பீர்கள். அதில் இரண்டு பிணைப்பும் ஒன்றாக இருக்கும். போரானும் நான்கு ஹைட்ரஜனும் தங்களுக்குள் சகப்பிணைப்பால் கட்டுண்டு ஒரே எதிர்மின் அயனியாக நிற்கும். அந்தக் கூட்டத்துக்கும் சோடியத்துக்கும் நடுவில் இருப்பது அயனிப் பிணைப்பு. 'இது அயனியா, சகப்பிணைப்பா?' என்று யாராவது கேட்டால், 'எந்த ரெண்டு பேருக்கு நடுவில?' என்று திருப்பிக் கேளுங்கள்.

அந்தத் தங்கச்சி மூன்றாவது வாரம் வகுப்புக்கு வந்துவிட்டாள். நான் மேலே சொன்ன கணக்கையெல்லாம் வெள்ளைப் பலகையில் போட்டு முடித்தபோது மணி 12 ஆகிவிட்டது, கீழே அன்னதானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எல்லாரும் எழுந்து போனார்கள். அவள் மட்டும் அந்தப் பழைய டெஸ்ட் தாளை மறுபடியும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, ஏழாவது கேள்வி. அலுமினியம் குளோரைடு. 180 டிகிரியிலயே பதங்கமாகுதுன்னு போட்டிருக்கீங்க. நான் அயனின்னு எழுதினேன், நீங்க சரி போட்டுட்டீங்க."

தாளை வாங்கிப் பார்த்தேன். சரி போட்டிருந்தேன்தான். "அடுத்த ஞாயிறு பார்ப்போம்மா, முதல்ல சாப்பிட வா" என்றேன்.